நியங்கலாவை லயத்து முற்றத்தில் வைக்கலாமா?

கார்த்திகை மாசத்தில் ரத்தோட்டை, இலுக்கும்புர, பல்லேகம வழியாக வில்கமுவைக்கு இறங்கியவர்கள் இந்தப் பூவைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மலைப்பாதை முடிந்து ஹெட்டிப்பொல பக்கத்து வெளி தொடங்கும்போதே கண்ணில் படும். ரோட்டோரப் பற்றை, சேனை வேலி, குளக்கட்டு, மாடு மேயும் புல்வெளியின் ஓரம் என்று எங்கும், காய்ந்த குச்சியில் நெருப்புப் பற்றிக்கொண்டது போலச் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றினதும் இல்லை. சிங்களத்தில் நியங்கலா என்பார்கள். நம்மவர்கள் கார்த்திகைப்பூ என்பார்கள். படித்தவர்கள் செங்காந்தள் என்பார்கள்.

இதைப் பற்றி எழுதவேண்டும் என்று நாம் முன்பே நினைத்திருந்தோம். எழுத வைத்தது மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த ஒரு சிறிய விஷயம்.

அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வீட்டுத்தோட்டம் பற்றிய கூட்டம் வைத்திருந்தோம். கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு தங்கச்சி கையில் ஒரு ஷொப்பிங் பையோடு வந்தார். பைக்குள்ளே மூன்று கிழங்கு. "அவரு மாசியில வில்கமுவைக்கு நெல்லு வெட்டப் போனாருங்க. கார்த்திகையில போனப்பவே அந்த வேலியில இந்தப் பூவப் பாத்து வச்சிருக்காரு. இப்ப கொடி காஞ்சி கெடந்திச்சாம். தோண்டிக்கிட்டு வந்துட்டாரு. நம்ம வீட்டுக்கு முன்னுக்கு வைக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

வைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் அவரே, "இன்னும் ரெண்டு மூணு குசினியில கெடக்கு. வயக்காரர் வீட்டுல குடுத்த வத்தாளக் கிழங்கோட ஒண்ணாக் கட்டித்தான் கொண்டாந்தாரு" என்றார்.

எங்களுக்கு வயிறு கலங்கிவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அவரோடு லயத்துக்கு ஓடினோம். குசினி மூலையில் சாக்கு விரித்து, அதன் மேல் வத்தாளையும் நியங்கலாவும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அன்றிரவு அவிப்பதற்காகப் பாட்டி ஏற்கெனவே நாலைந்தைப் பொறுக்கிச் சருவச்சட்டியில் கழுவி வைத்திருந்தார். அந்தச் சட்டிக்குள் நியங்கலா ஒன்றும் இல்லை. சும்மா அதிர்ஷ்டந்தான்.

ஆகவே இந்தப் பூவின் அழகைப் பற்றியும் சொல்லுவோம், அதன் கிழங்கைப் பற்றியும் சொல்லுவோம். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்வது நியாயமில்லை.

முதலில் இந்தச் செடிக்கு எதற்காகக் கிழங்கு என்று பார்ப்போம். நம் மலைப்பக்கம் போல வில்கமுவையில் வருஷம் முழுக்க மழை கிடையாது. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கித் தையோடு பெரும்பாலும் முடிந்துவிடும். வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை வெயில். புல் எல்லாம் பொன்னிறமாகக் காயும். சேனைக்காரர் தீ வைப்பார்கள். யானையும் மாடும் மிதிக்கும். வஸ்கமுவ வனமும் பக்கத்தில்தானே இருக்கிறது, 1984இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இத்தனையையும் தாங்கிப் பிழைக்க வேண்டுமானால் உயிரை நிலத்துக்கு மேலே வைத்திருக்கக் கூடாது. நியங்கலா அதைத்தான் செய்கிறது. கொடி மழையோடு எழும்பி, பூத்து, காய்த்து, சேர்த்த சத்தை எல்லாம் புதுக் கிழங்குக்குள் இறக்கிவிட்டுக் காய்ந்துபோகும். மேலே பார்த்தால் ஒன்றுமே இராது. கீழே கிழங்கு தூங்கிக்கொண்டிருக்கும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடி முளை வரும். போன வருஷத்துக் கிழங்கு சுருங்கிப் போய்விடும். அதன் இடத்தில் புதிதாக இரண்டு கவடு உண்டாகும்.

இரண்டு கவடு என்றோமே, அதுதான் இதன் அடையாளம். முற்றின கிழங்கு நேராக இராது. ஆங்கில எழுத்து 'வீ' போல, அல்லது நம் ஊர்க் கலப்பை போல வளைந்திருக்கும். அதனால்தான் தமிழ் வைத்திய நூல்களில் கலப்பைக் கிழங்கு என்றும், வடமொழியில் இலாங்கலி என்றும் பெயர். லாங்கலம் என்றால் கலப்பை. தமிழ்நாட்டில் கண்வலிக் கிழங்கு என்கிறார்கள். பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வருமாம். அது வெறும் நம்பிக்கை. நாங்கள் எத்தனையோ தரம் உற்றுப் பார்த்திருக்கிறோம்.

பார்க்காமல் இருக்கவும் முடியாது. மொட்டு முதலில் பச்சையாய்த் தலைகுனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழும் கீழே விரியாமல் மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். ஓரம் எல்லாம் அலை அலையாக நெளிந்திருக்கும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள், பிறகு நுனியில் செம்மஞ்சள், பிறகு அடி வரை சிவப்பு. ஒரே கொடியில் ஒரே நேரத்தில் எல்லா நிறமும் நிற்கும். மகரந்தத் தாள்கள் ஆறும் சக்கரத்துக் கம்பி போல விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே முறித்து வைத்தது போலப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். தன் மகரந்தம் தன் மேலே படாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. வண்ணத்துப்பூச்சியும் தேன்குருவியும் வந்துதான் ஒரு பூவிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டில் இதை வயலில் பயிரிடுகிறவர்கள் பூச்சியை நம்பி இருப்பதில்லை. காலை நேரத்தில் ஆட்களை வைத்துப் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். கொழுந்து எடுக்கிற விரல் போல வேகமான விரல் வேண்டிய வேலை.

இன்னொரு வேடிக்கை இதன் இலை. பாகல், புடோல் போன்ற கொடிகளுக்குப் பற்றிக்கொள்ளத் தனியாகச் சுருள் உண்டு. நியங்கலாவுக்கு இலையின் நுனியே சுருளாகிவிடும். கிட்ட உள்ள குச்சி எதுவானாலும் சுற்றிக்கொண்டு ஏறும். தேயிலைச் செடியானாலும் சரி, முள்ளுக்கம்பியானாலும் சரி.

பழைய தமிழிலும் இதற்குப் பெரிய இடம் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசையாகச் சொல்லும் 99 பூக்களில் முதலில் வருவது காந்தள். திருமுருகாற்றுப்படையில் முருகனுக்குக் காந்தள் மாலை சூட்டியிருக்கிறார்கள். மலைக்கும் முருகனுக்கும் உரிய பூ என்றால் அது நமக்கும் உரியதுதான் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இன்று தமிழ்நாட்டின் மாநில மலர் இது. ஆபிரிக்காவில் சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. இந்தப் பூவுக்கு நம் நாட்டு அரசியலிலும் ஒரு கதை உண்டு என்பது வாசகர்கள் அறிந்ததே. அது இந்தக் கட்டுரைக்குள் வேண்டாம்.

தாவரவியலில் இதன் பெயர் குளோரியோசா சுப்பர்பா. 1753இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் வைத்தது. மகிமை, கம்பீரம் இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். பிற்பாடு ஐரோப்பியர் இதைக் கண்ணாடி வீட்டுக்குள் சூடு காட்டி வளர்த்தார்கள். இன்று ஜப்பானில் கோச்சி என்ற பகுதியிலும், ஒல்லாந்திலும் வெட்டி விற்பதற்காகவே வளர்க்கிறார்கள். வெட்டி ஜாடியில் வைத்தால் ஒரு கிழமை அளவுக்கு வாடாமல் நிற்கும். கலியாண மேடை அலங்காரத்துக்கு நல்ல விலை. நமது துரை பங்களாத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் சீமையிலிருந்து கிழங்கு தருவித்து நட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே காலத்தில் நம் வேலியில் கிடந்த கொடி சீமைக்குக் கப்பலேறிக் கண்ணாடி வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

இனி அந்தக் குசினி மூலைக்கு வருவோம்.

நியங்கலாவின் எல்லாப் பாகத்திலும் கொல்கிசின் என்ற நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். இந்தக் கொல்கிசின் மருந்தாகவும் பயன்படுகிறது. 'கௌட்' என்னும் மூட்டு வீக்க நோய்க்கு வைத்தியர்கள் மிகமிகச் சிறிய அளவில் கொடுப்பார்கள். அதை எடுக்கத்தான் தமிழ்நாட்டில் ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் ஏக்கர் கணக்கில் பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். நம் உடம்பில் புது உயிரணுக்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்துதான் பழையதற்கு ஈடு கட்டுகின்றன. குடலின் உள்தோல், எலும்புக்குள்ளே இரத்தம் ஊறும் இடம், தலைமயிரின் வேர் இவற்றில் அந்த வேலை ஓயாமல் நடக்கிறது. கொல்கிசின் போய் அந்தப் பிரிதலை நிறுத்திவிடும். அதனால்தான் முதலில் வயிறு, பிறகு இரத்தம், பிழைத்தவர்களுக்குக் கடைசியில் தலைமயிர் என்று வரிசையாகத் தாக்குகிறது.

இலங்கையில் இது புதுக் கதை அல்ல. 1966இலேயே நம் நாட்டு வைத்தியர் ஒருவர், நியங்கலா நஞ்சிலிருந்து தப்பிய ஒருவருக்கு மயிர் எல்லாம் உதிர்ந்ததைப் பற்றி 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்' என்ற மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் நம் வைத்தியர்கள் பல தடவை எழுதிவிட்டார்கள். வத்தாளைக் கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டவர்கள் அந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

அவித்தால் நஞ்சு போய்விடும் என்று அந்த லயத்துப் பாட்டி சொன்னார். மரவள்ளிக் கிழங்கை மூடாமல் அவித்தால் அதன் நஞ்சு போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், அதை வைத்துச் சொன்னார். நியங்கலாவில் அப்படி இல்லை. கொதித்தாலும் இந்த நஞ்சு போகாது. சுட்டாலும் போகாது. காயவைத்தாலும் இருக்கும்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி? அன்று நாங்கள் சாக்கை முற்றத்தில் கொட்டி ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். வத்தாளை நடுவில் பருத்து இரண்டு பக்கமும் மெலியும். தோல் சிவப்பாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். உடம்பெல்லாம் அங்கங்கே சல்லிவேர் முளைத்த தடம் தெரியும். நியங்கலா நீள உருளை, ஏறக்குறைய ஒரே பருமன், நுனி கூராக முடியும். தோல் மண்ணிறம், உள்ளே வெள்ளை. வேர் எல்லாம் இரண்டு கவடும் சேரும் மூட்டில் மட்டும் ஒரு கொத்தாக இருக்கும். மூட்டோடு முழுசாகக் கிடைத்தால் சின்னப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். ஆனால் மம்பட்டி பட்டு ஒரு கவடு உடைந்து தனியாக வந்தால், கழுவின பிறகு, குப்பி விளக்கு வெளிச்சத்தில், எங்களுக்கே சந்தேகம் வரும். அதனால் வித்தியாசம் தெரியும் என்ற தைரியத்தில் இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைக்காதீர்கள். ருசி பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். கசக்கும் என்பது உண்மை. தேங்காய்ச் சம்பலோடு சாப்பிடும்போது எத்தனை பேருக்கு அந்தக் கசப்புத் தெரியும்?

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் சில மணி நேரத்துக்கு ஒன்றும் இராது. பிறகு வாயும் தொண்டையும் எரியும், வாந்தி, வயிற்றுவலி, தண்ணீராய்ப் போதல். பார்ப்பவர்கள் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, பேதி என்றுதான் நினைப்பார்கள். டிஸ்பென்சரியில் ஜீவனி கரைத்துக் கொடுத்து அனுப்பிவிடவும் கூடும். உண்மையான ஆபத்து இரண்டாம் மூன்றாம் நாளில் வருகிறது. இரத்த அழுத்தம் விழும், சிறுநீர் குறையும், இரத்தம் உறையாமல் போகும். இந்த நஞ்சை முறிக்கத் தனி மருந்து நம் ஆஸ்பத்திரிகளில் கிடையாது. முதல் சில மணி நேரத்துக்குள் போனால் வயிற்றில் உள்ளதை வெளியேற்றவும், மருந்துக்கரி கொடுத்து நஞ்சு உடம்பில் சேராமல் தடுக்கவும் முடியும். ஆகவே ஒருவர் சாப்பிட்டார் என்று தெரிந்தால், அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்காதீர்கள். 1990க்கு அடியுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். தோட்டத்து லொறியில் போக முடியுமானால் அதிலே போங்கள். உப்புத்தண்ணி, தேங்காயெண்ணெய், புளி எதுவும் கொடுக்க வேண்டாம், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். மிச்சக் கிழங்கையோ இலையையோ ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். "நியங்கலா" என்று டொக்டரிடம் அந்தப் பெயரையே சொல்லுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுகளைப் பற்றி வைத்தியர்களுக்கு ஆலோசனை சொல்லவே ஒரு நிலையம் இருக்கிறது. நஞ்சின் பெயர் தெரிந்தால்தான் டொக்டர் அங்கே கேட்க முடியும்.

நாட்டு வைத்தியத்திலும் இந்தக் கிழங்குக்கு இடமுண்டு. ஆயுர்வேதம் இதை உபவிடங்களில் ஒன்றாக வைத்து, சுத்தி செய்த பிறகே சேர்க்கச் சொல்கிறது. ஆனால் பிள்ளைப்பேறு சுணங்கினால் இதை அரைத்துப் பூசலாம், கரு தங்காமல் இருக்க இதைக் கொடுக்கலாம் என்றெல்லாம் வாய்வழியாகச் சில பேச்சுக்கள் உலவுகின்றன. அப்படிச் செய்து போன உயிர்கள் உண்டு. குடும்பநல உத்தியோகத்தரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள், அதற்குத்தான் அவர் இருக்கிறார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வீட்டுச் சண்டை, கடன், மனக்கஷ்டம் என்று வரும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருக்கக் கூடாது. மருந்தடிக்கிற போத்தலைப் பூட்டி வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். உங்கள் வீட்டில் யாராவது மனம் உடைந்து இருக்கிறார் என்றால் இந்தக் கிழங்கை வீட்டுப் பக்கமே கொண்டுவர வேண்டாம், அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்து ஆட்கள் தமிழிலும் பேசுவார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தத் தங்கச்சி, "அப்ப வேணாமுங்களா?" என்றார். முகம் வாடிவிட்டது. கணவர் ஆசையாகக் கொண்டுவந்தது. எங்களுக்கும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் நம் லயங்களைச் சுற்றிலும் நஞ்சுச் செடி இல்லாமலா இருக்கிறது? வாசலில் அரளி நிற்கிறது. ஊமத்தை கானோரத்தில் நிற்கிறது. மழைக்குத் திடீரென்று பூக்கும் சின்ன மழை லில்லியின் கிழங்கும், வாய்க்கால் ஓரத்து விஷமூங்கிலின் கிழங்கும் சாப்பிட்டால் வாந்தி எடுக்க வைக்கும். அவை வெங்காயம் போலத் தோல் தோலாக இருக்கிற உண்மையான குமிழ்க் கிழங்குகள், அதனால் வெங்காயம் என்று ஏமாறுகிறவர்களும் உண்டு. நாம் அவற்றோடு பழகி வாழ்கிறோம். நியங்கலாவோடும் வாழலாம். ஆனால் நிபந்தனை கடுமையானது.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். காய் பழுத்து வெடித்தால் உள்ளே விதை செம்மஞ்சளாக, முத்து முத்தாக இருக்கும். பிள்ளைகள் வாயில் போடாமல் விடமாட்டார்கள். லயத்தில் உங்கள் காம்பராவில் பிள்ளை இல்லை என்பது போதாது. அடுத்த காம்பராப் பிள்ளையும் உங்கள் இஸ்தோப்பில்தான் விளையாடும். ஆடு, மாடு கட்டும் இடத்துக்குப் பக்கத்திலும் கூடாது, அவற்றுக்கும் இது நஞ்சு. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்கு இது கொஞ்சம் சுலபம். வேலி தனி, முற்றம் தனி.

மரக்கறிப் பாத்தியில் வைக்காதீர்கள். வத்தாளை, ராசவள்ளி, கிரியல நட்ட இடத்துப் பக்கமே போகக் கூடாது. இரண்டு வருஷம் கழித்து யார் தோண்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. நிலத்தில் வைப்பதைவிடப் பழைய தகரவாளியிலோ, இரட்டையாய் மடித்த சீமெந்துச் சாக்கிலோ வைப்பது நல்லது. கிழங்கு அதற்குள்ளேயே அடங்கி நிற்கும். அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். பாதி மண், மீதியில் மணலும் மக்கின எருவும். வில்கமுவையில் மழை விட்டதும் மண் காய்ந்துவிடும். நம் பக்கம் காயாது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிப்போகும். மாத்தளையில் நட்ட நாலு பேரில் மூன்று பேர் இப்படித்தான் இழந்தார்கள். நுவரெலியாப் பக்கத்துக் குளிருக்கு இது ஒத்துவருவது கஷ்டம்.

கிழங்கைத் தொடும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். படுக்க வைத்து மூன்று நாலு விரற்கடை ஆழத்தில் மூடுங்கள். முளை கவட்டின் நுனியில் மட்டுந்தான் உண்டு. நுனி முறிந்தால் மீதிக் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. வத்தாளை போல நறுக்கி நடும் வேலை இங்கே நடக்காது. முளை ஒரு சாண் வந்ததும் குச்சியோ கம்பியோ ஊன்ற வேண்டும். பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் கொடி நிலத்தில் விழுந்து கிடக்கும், பூவும் சரியாக வராது. முளைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும். அதன் அடிப்பாகத்தில் நிழல், தலையில் வெயில், அவ்வளவுதான் அது கேட்பது. பூ வாடினதும் காயாக விடாமல் கிள்ளிவிடுங்கள், விதைப் பயம் போய்விடும், கிழங்கும் பெருக்கும். இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திச் சாக்கை மழைபடாத இடத்துக்கு மாற்றுங்கள். தோண்டி எடுத்துக் குசினியில் வைக்காதீர்கள், சாக்குக்குள்ளேயே தூங்கட்டும். வேண்டாம் என்று எறிவதானால் நுனிகள் இரண்டையும் வெட்டிவிட்டு ஆழக் குழியில் புதையுங்கள். கானில் எறிந்தால் அடுத்த லயத்து வேலியில் முளைத்து நிற்கும்.

எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். வஸ்கமுவ பூங்காவுக்குள்ளே ஒரு இலை கிள்ளவும் சட்டம் விடாது. வழியில் தாண்டிப்போகும் நக்கிள்ஸ் மலைக்காடும் 2000ஆம் ஆண்டிலிருந்து பாதுகாக்கப்பட்ட வனம். வெளியே ரோட்டோரத்தில் கண்ட இடமெல்லாம் தோண்டிக்கொண்டு போனாலும் சில வருஷத்தில் பூவே இராது. சேனை திருத்தும்போதும் வேலி மாற்றும்போதும் வில்கமுவ விவசாயிகள் இந்தக் கிழங்கைத் தோண்டி ஓரத்தில் எறிந்துவிடுவார்கள். அவர்களிடம் கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். கேட்கும்போது கட்டாயம் தனிப் பையில் வாங்கிக்கொள்ளுங்கள். பொறுமை உள்ளவர்கள் விதை போட்டுப் பார்க்கலாம், பூப்பதற்கு மூன்று நாலு வருஷம் காத்திருக்க வேண்டும்.

அந்தத் தங்கச்சி வீட்டில் கடைசியில் எட்டுக் கவடு பொறுக்கினோம். சாக்கில் மிஞ்சின வத்தாளையில் சந்தேகமான இரண்டையும் சேர்த்துப் புதைத்தோம். பாட்டிக்கு அது கொஞ்சம் கோபம், "நல்ல கெழங்க மண்ணுக்குள்ள போடுறீங்களே" என்றார். நுனி நல்லதாக இருந்த ஒரே ஒரு கிழங்கைச் சீமெந்துச் சாக்கில் வைத்து, பிள்ளைகள் போகாத பக்கம், தண்ணீர்ப் பீலிக்கு மேலே உள்ள கட்டில் இருத்தினோம். ஒரு தகர மூடியில் சிவப்புப் பெயின்ற்றால் 'நஞ்சு' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டது அவருடைய மகன், எட்டாம் வகுப்புப் படிக்கிறவன். புரட்டாசி கடைசியில் போய்ப் பார்த்தபோது முளை வந்திருக்கவில்லை. கிளறிப் பார்க்க வேண்டாம், ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தோம்.